அவள் பக்கத்துத் துரு

ஞாயிற்றுக்கிழமை பொழுது முழுக்க மீன்காரன் தன் பழைய வேனுக்கு அலங்காரம் பண்ணினான். கதவுகளின் அடியிலும் பின்சக்கர வளைவிலும் பொரிந்து நின்ற துருவைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வெள்ளை அடித்தான். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். கட்டினவளுக்கு ஒரு நாளாவது தலை வாரி விட்டதுண்டா, இந்தச் சக்களத்திக்கு மட்டும் பவுடரா என்று கேட்டாள். வேனுக்கு அவள் வைத்த பெயரே சக்களத்திதான்.

அவன் சிரித்தான். ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. வண்டிகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் தகுதிச் சோதனையில் வேன் தேறாவிட்டால் மீன் எடுக்கப் போக முடியாது. தெருத்தெருவாக விற்கவும் முடியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் மனைவியும் கூட வந்து சோதனை நிலைய வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவனுக்கு வாய்த்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முழங்கைவரை கிரீஸ். கதவைத் தொட்டவள் விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கா கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டாள். கதவுத் துருவெல்லாம் மேல்துரு, அதற்காக யாரையும் நிறுத்துவதில்லை என்றும் சொன்னாள். அவனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

பிறகு அவள் சின்னச் சுத்தியலோடு வேனுக்கு அடியில் பள்ளத்தில் இறங்கினாள். அவன் உட்காரும் பக்கம் தட்டத் தட்ட டங், டங் என்று இரும்பு பேசிற்று. மறுபக்கம் போனாள். பொத்தென்று ஒரு சத்தம். அவனைக் கீழே கூப்பிட்டு, திருப்புளியை வைத்து அழுத்திக் காட்டினாள். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. துரு அவன் தோளில் கொட்டியது.

"சீட் பெல்ட் மாட்டின இடத்தைச் சுத்தி ஒரு சாணுக்குள்ள ஓட்டை இருந்தா பாஸ் போட முடியாதுண்ணே. கதவு உதிர்ந்தா காத்துதான் வரும். இது உதிர்ந்தா ஆள் போயிடும். இங்க யாரு உக்கார்றது?"

"என் வீட்டுக்காரி."

அவள் அவன் பக்கத்து இரும்பை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு, உங்கள் பக்கம் இரும்பு புதுசாட்டம் இருக்கிறது, ஐஸ் தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம்தான் ஓடித் தேங்கியிருக்கிறது, வண்டியைச் சாய்த்தே நிறுத்துவீர்களோ என்று கேட்டாள்.

சாய்த்தேதான் நிறுத்துவான். மனைவிக்கு முட்டிவலி வந்த நாளிலிருந்து அப்படி. தெருவோரப் பள்ளத்தில் அவள் பக்கத்துச் சக்கரங்களை இறக்கி, நடைமேடையை ஒட்டி நிறுத்துவான். வேனின் படி நடைமேடைக்குச் சமமாக வந்துவிடும். அவள் முட்டியை மடக்காமல் கால் வைக்கலாம். இதை அவளிடம் அவன் சொன்னதே இல்லை. நேராக நிறுத்தத் துப்பில்லாத மனுஷன், தராசு கோணுது, பெட்டி சரியுது என்று அவள் திட்டுவாள். இவன் வாங்கிக் கட்டிக்கொள்வான். மீன்பெட்டியில் கசிந்த உப்புத்தண்ணீர் இத்தனை வருஷமும் அவள் சீட்டுக்கு அடியில்தான் போய் உட்கார்ந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

வெளியே வந்து மைத்துனனுக்குப் போன் போட்டான். பட்டி வைக்க யோசனை சொன்னவன் அவன்தான். இப்போதும் அவனிடம் யோசனை தயாராக இருந்தது. ஒரு தகரத்தை ஒட்டிக் கறுப்பு அடித்து விடுங்கள், வேறொரு நிலையத்தில் தெரிந்த ஆள் இருக்கிறார், குனிந்துகூடப் பார்க்க மாட்டார் என்றான். மீன்காரன் அந்த வேனை ஒரு தடவை பார்த்தான். பிழைப்பு கண்ணெதிரே நின்றது.

"மாப்ள, அங்க உக்கார்றது உங்க அக்காடா" என்று சொல்லிப் போனை வைத்தான்.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்த மனைவி பழக்கத்தில் தன் பக்கத்துக் கதவைப் பிடித்தாள்.

"ஏறாத."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

அவன் சொன்னான். தேறவில்லை என்பதை முதலில் சொன்னான். ஓட்டையைச் சொன்னான். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று அவள் கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான்.

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. வெள்ளை பெயிண்ட் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கலாமில்ல" என்றாள். குரல் மட்டும் திட்டுகிற குரலாக இல்லை.

வெல்டிங் பட்டறை அடுத்த தெருவில்தான். நேராக அங்கே ஓட்டிப் போக மட்டும் இன்ஸ்பெக்டர் விட்டிருந்தாள். மனைவி நடைமேடையில் நடந்தாள். அவன் ஜன்னலை இறக்கிவிட்டு அவள் நடைக்குச் சமமாக வேனை உருட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். வேலை முடிகிறவரை என்ன செய்வது என்று அவன் புலம்ப, தம்பியிடம் தள்ளுவண்டி ஒன்று சும்மா கிடக்கிறது, யோசனைக்குப் பதில் அதைக் கொடுக்கச் சொல்வோம் என்றாள் அவள்.

பட்டறை வாசலில் அவன் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. அவள் பக்கத்துச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கப் பார்த்தன.

"நேரா நிறுத்துங்க" என்றாள் அவள். "உள்ள ஆளில்ல. நான் இங்கதான் நிக்கறேன்."