உயிரோடு இருந்தவருக்கு மூன்று பக்கம்

என் அக்கா ஹல்வெய்க் இரண்டு நாவல்கள் எழுதியவள். இரண்டாவது வந்தபோது தலைநகரில் அவள் படத்தைப் பேருந்துகளில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஒரு வரிகூட அவளுக்கு வரவில்லை. பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டியோடு வடக்கே, ஏரிக்கரையில் நான் ஆடுகள் வைத்திருக்கும் எங்கள் பெற்றோர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

காலையில் சமையலறை மேஜையில் உட்காருவாள். ஒரு வரி எழுதுவாள், அடிப்பாள், தாளைக் கசக்குவாள். பனித்தண்ணீரில் குளித்துப் பார்த்தாள். பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறினாள். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"அடுப்பு பத்தவைக்கத் தாள் போதும்க்கா, இன்னைக்கு நிறுத்திக்கோ" என்று நான் கேலி செய்வேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டாள்.

நவம்பரில் எதிர்க்கரை ஸ்துர்லாவின் மனைவி ஆஸ்தா இறந்துபோனாள். எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும், தெரிந்தவர்கள் பத்திரிகைக்கு நினைவுக் கட்டுரை எழுதி அனுப்புவார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்துர்லா வந்து, தொப்பியைக் கழற்றாமல் எங்கள் சமையலறையில் நின்றார்.

"நீ புஸ்தகம் எழுதுறவ. எனக்கு ரெண்டு வரிக்கு மேல வரல. நீயே எழுதிக் கொடும்மா."

"நான் அவங்கள ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். என்னால முடியாதுங்க."

ஸ்துர்லா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். உட்கார்ந்து காபியைக் குடித்தார். குடித்த பிறகும் எழுந்து போகவில்லை. கடைசியில் அக்காதான் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பென்சிலை எடுத்தாள். நான் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பென்சில் தாளில் உரசும் சத்தம் நிற்கவே இல்லை. பதினோரு மணிக்குக் கட்டுரை முடிந்துவிட்டது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. நான்கு வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்துர்லா எங்கள் மேஜையிலேயே அதைப் படித்தார். துணி உலர்த்தும்போது ஆஸ்தா கவ்விகளை வாயில் வைத்துக்கொண்டே பாடுவாள் என்ற இடத்தில் சிரித்தார். அடுத்த பத்தியில் அவர் விரல் நின்றது. ஆஸ்தா வெளியே போகும்போதெல்லாம் கோட்டுப் பையில் ஒரு குழந்தையின் இடது கைக் கம்பளியுறையை, சிவப்பு நிறத்தில், வைத்திருப்பாள் என்று அக்கா எழுதியிருந்தாள்.

"இத உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கற்பனையா... வேணாம்னா எடுத்துடுறேன்."

"இங்க குடிவர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. நாலு வயசுல போயிட்டா. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது." அவர் தாளை மெதுவாக மடித்தார். "அந்தக் கையுறைய நான்தான் பெட்டிக்குள்ள ஆஸ்தா கையில வச்சேன். மூடி போட்டப்போ பக்கத்துல யாரும் இல்ல."

அவர் கார் சத்தம் தேயும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை.

ஜனவரி முடிவதற்குள் இன்னும் மூன்று பேர் கேட்டு வந்தார்கள். மூன்று கட்டுரையிலும் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த, சில சமயம் வீட்டாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று இருந்தது. ஒரு மீனவரின் மகன் அப்பாவின் படகில் பலகையைப் பெயர்த்துப் பார்த்து, அவள் எழுதியிருந்த மவுத் ஆர்கன் அங்கேயே இருந்தது என்று தொலைபேசியில் சொன்னான்.

அக்கா நன்றாகச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது பாடினாள். எனக்கோ அவளோடு ஒரே அறையில் இருக்கவே பயமாக இருந்தது.

"எப்படிக்கா வருது?"

"கேக்காதடி. நான் யோசிக்கிறதே இல்ல. எப்பவோ மறந்துபோனது திரும்ப ஞாபகம் வர்ற மாதிரி வருது."

"நாவல்?"

"அதுக்குத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது."

கடைக்குப் போனால் மற்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதையினால் இல்லை. தபால் நிலையப் பெண், அக்கா உற்றுப் பார்த்ததும், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தாய் கைக்குழந்தையின் முகத்தைச் சால்வையால் மூடியதை நானே பார்த்தேன்.

பிப்ரவரியில் மூன்று வாரம் சூரியனையே காணோம். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ஒரு வியாழக்கிழமை காலை ஆட்டுக்கொட்டிலிலிருந்து வந்தபோது அக்கா எழுதிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. மூன்றாவது பக்கத்தை முடித்து என்னிடம் நீட்டினாள்.

"யாருக்கா போயிட்டாங்க? யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. உக்காந்தேன், வந்துடுச்சு. ஒருவேளை நாவல்தான் ஆரம்பிக்குதோ என்னவோ. படி."

படித்தேன். வலது காது கேட்காத ஒரு கிழவர். வானொலியோடு சண்டை போடுகிறவர். தாடியில் புகையிலை வாசம். எல்லாம் இறந்த காலத்தில்: இருந்தார், பிடித்திருந்தது, சொன்னார். முதல் பக்கத்திலேயே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை எய்விந்தர். முந்தின நாள்தான் எங்களுக்கு இரண்டு மீன் கொண்டுவந்து கொடுத்து, நான் போட்ட காபி ஆட்டுத் தொட்டித் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனார்.

கடைசிப் பத்தியில் அவர் ஒரு பச்சைக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு, பனிக்கு அடியில் போட்டிருந்த வலையை எடுக்க, உறைந்த ஏரியின் மேல் நடந்தார். 'அன்று வெகு நாளைக்குப் பிறகு ஏரியின் மேல் வெயில் விழுந்திருந்தது.' அதோடு முடிந்தது.

"அக்கா, இது எய்விந்தர்."

அவள் தாளைப் பிடுங்கிப் படித்தாள். தான் எழுதியதை அப்போதுதான் முதல் முறை பார்ப்பவளைப் போலப் படித்தாள். அப்போது மேஜையில் மஞ்சளாக ஏதோ விழுந்தது. ஜன்னல் வழியே வெயில். மூன்று வாரம் கழித்து வந்த வெயில்.

கோட்டுகூடப் போடாமல் ஓடினோம். அவர் வீட்டு வாசலில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி. கழுத்தில் பச்சைத் துணி.

"இது ஏது?" அக்கா கேட்டது அவர் காதில் விழவில்லை. அவருடைய நல்ல காதுப் பக்கம் போய் மறுபடி கேட்டாள்.

"மக அனுப்பினா. இப்பதான் தபால்ல வந்துச்சு. நல்லா இருக்கா? தவளை மாதிரி இருக்கேன்னு சொல்லப்போற, சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில், அவர் வழியை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களப் பத்தி எனக்குச் சொல்லுங்க."

"எதுக்கு? என்னைப் பத்தியும் பத்திரிகைல போடப்போறியா? நான் இன்னும் சாகலியே பொண்ணே!" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"எனக்கு எழுத வரல" என்றாள் அக்கா. "நாலு வருஷமா வரல. ஊர் ஊரா பொய் சொல்லிட்டு இருக்கேன், பெருசா ஒண்ணு எழுதுறேன்னு. ஒண்ணும் இல்ல. செத்தவங்க மட்டும் தானா வர்றாங்க." அவள் யாரிடமும், என்னிடம்கூட, அதுவரை வாய்விட்டு இதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதாள்.

எய்விந்தர் வாளியைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டுக் கெண்டியை அடுப்பில் வைத்தார்.

மூன்று மணி நேரம் பேசினார். கல்யாணத்துக்கு முன் மனைவிக்குப் போட்ட காதல் கடிதங்களையெல்லாம் அண்ணன்தான் எழுதிக் கொடுத்தானாம். கல்யாணமான மறுநாள் சந்தைச் சாமான் பட்டியலை இவர் எழுதப்போய், ஐந்து சொல்லில் நான்கு பிழை.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எங்கண்ணனை ஒரு மாதிரியா பாத்தா. நாப்பது வருஷம் கழிச்சும் அப்பப்போ பாத்தா."

அக்கா சிரித்தாள். ஒரு வார்த்தைகூடக் குறித்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பகல் ஒரு மணி இருக்கும். ஏரியிலிருந்து அடிவயிற்றிலிருந்து முனகுவது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூவரும் எழுந்து பார்த்தோம். அவர் வலைக்கு அடையாளமாக நட்டிருந்த கம்புகள் மெதுவாகச் சாய்ந்தன. அவற்றைச் சுற்றிலும் வெள்ளைப் பனி இல்லை, கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது.

அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து மேஜையில் வைத்தார். "வலை போச்சு" என்றார். எங்களை எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, விட மறந்தவர் போல நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்று பக்கத்தையும் அவள் எரிப்பாள் என்று நினைத்தேன். எரிக்கவில்லை. உட்கார்ந்து, எல்லா இறந்த காலத்தையும் ஒவ்வொன்றாக அடித்து நிகழ்காலம் ஆக்கினாள். கடைசி வரிக்குக் கீழே, புகையிலையை மறந்துவிட்டதால் கிழவர் பாதி வழியில் திரும்புகிறார் என்று எழுதினாள். அந்த ஒரு வரிக்கு மாலைவரை ஆயிற்று. நாவலின் முதல் மூன்று பக்கம் அதுதான்.

அதற்குப் பிறகு எதுவும் சுலபமாக வரவில்லை. எழுதினாள், கிழித்தாள், திட்டினாள். சந்தேகம் வந்தால் எய்விந்தரிடம் ஓடுவாள். அவர் வேண்டுமென்றே பொய் சொல்வார். அந்தப் பொய்யும் புத்தகத்துக்குள் போயிற்று. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாவல் வந்தது. அதில் வரும் கிழவனுக்கு வலை கட்டவே தெரியவில்லை, ஊரார் தன்னை என்ன நினைப்பார்கள் என்று எய்விந்தர் கடையில் நின்று எல்லாரிடமும் புகார் சொன்னார். அதே கடையில் மூன்று பிரதி வாங்கினார்.

நினைவுக் கட்டுரை கேட்டு வருகிறவர்களை அவள் இப்போது காபி கொடுத்து அனுப்பிவிடுகிறாள். ஒரு வரிகூட எழுதுவதில்லை.

ஆனால் சில காலைகளில், ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் வலது கை மேஜைமேல் தானாக நகர ஆரம்பிக்கும். கையில் பென்சில் இருக்காது. விரல்கள் மட்டும் இடமிருந்து வலமாகப் போகும், வரி முடிந்ததும் திரும்பி வரும். அவள் பேச்சை நிறுத்தாமல் இடது கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்வாள். யாரைப் பற்றி என்று நான் கேட்பதில்லை.