மூன்றாவது அடிக்கல்

கோலா தெர்லா ஊருக்குப் போகும் தேயிலை எஸ்டேட் சாலையில், ஆற்றின் மேல் முன்பு ஒரு மரப்பாலம் இருந்தது. சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றும் பெரிய லோரிகள் போக நம் நாடும் அந்த நாடும் சேர்ந்து அகலமான பாலம் கட்டப்போகின்றன என்று சொல்லி, அடிக்கல் நட்டு, அதைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டு தூண்கள் பாதி எழும்பின. அரசாங்கம் கவிழ்ந்தது. அடுத்து வந்தவர்கள் பழைய ஒப்பந்தத்தில் ஊழல் என்றார்கள், புதிதாக அடிக்கல் நட்டார்கள், அவர்களும் கவிழ்ந்தார்கள்.

தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும் அன்பரசிக்கு அந்தத் தூண்களைப் பார்த்தாலே காறித் துப்பத் தோன்றும். போன மழைக்காலத்தில் அவள் தம்பி மனைவி திலகாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, சுற்றுப்பாதையை மண்சரிவு அடைத்திருந்தது. திலகாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கரையில் ஏற்றிய ஆம்புலன்ஸிலேயே குழந்தை பிறந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம். மழை விட்டதும் லயன் வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் அந்தத் தூண்களின் மேலேயே பலகை போட்டு, கம்பியால் கட்டி, நடந்துபோக ஒரு வழி செய்துகொண்டார்கள்.

மூன்றாவது அடிக்கல் விழாவுக்கு முதல் நாள் சாம்பசிவம் வந்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு எஸ்டேட்டுக்குள் முதலில் நுழைகிறவன் அவன்தான்.

"இந்தப் பலகையெல்லாம் கழட்டணும். சிங்கப்பூர்லேர்ந்து இன்ஜினியர் வர்றாங்க. பாத்தா அசிங்கம் லா."

"எதுண்ணே அசிங்கம்? நாங்க நடந்து போறதா?" என்றாள் அன்பரசி.

"பெரிய பாலமே வரப்போவுது. பலகைக்குப் போயி அழுவுறியே!"

அவனே ஆட்களைக் கூட்டிவந்து பலகைகளைக் கழற்றி, பந்தலுக்குப் பின்னால் அடுக்கினான்.

மறுநாள் கைதட்டுவதற்காகவே எஸ்டேட் ஆட்களுக்கு அரைநாள் விடுப்பு. சிங்கப்பூர் இன்ஜினியர் ஷஹீதா காரை விட்டு இறங்கியதும், சாம்பசிவம் நீட்டிய மாலையைத் தாண்டி நேரே ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

"அக்கரைத் தூண பக்கத்துல போய்ப் பாக்கணும். எப்படிப் போறது?"

சாம்பசிவம் பல்லை இளித்தான். "அது வந்து மேடம்... விழா முடிஞ்சதும்..."

"நேத்து வரைக்கும் வழி இருந்துச்சு மேடம். நாங்க போட்ட பலகை. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு இவருதான் கழட்டிட்டாரு," என்றாள் அன்பரசி.

சாம்பசிவத்தின் முகம் கறுத்தது. அன்பரசியின் காதருகே வந்து சீறினான். "ஆளுங்கள விட்டு ரெண்டு பலகைய எடுத்துப் போடச் சொல்லு, சீக்கிரம்!"

"கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியாதா? நீங்களே போடுங்க."

நாற்காலியை விட்டு ஒருவரும் எழவில்லை. ஷஹீதா கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். சாம்பசிவம் தன் பளபளக்கும் சப்பாத்தைப் பார்த்தபடி கரையிலேயே நின்றான். அவள் ஆற்றைக் கடப்பதைப் பார்த்தபோது, இவளாவது காரியம் முடிப்பாள் என்று அன்பரசிக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

திரும்பி வந்த ஷஹீதா சொன்னாள்: "கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுக்கா. ரெண்டு தூணையும் இடிச்சிட்டு மறுபடி கட்டணும்."

"எப்பக் கட்டுவீங்க?"

"உங்க நாட்டுல அடுத்த தேர்தல் முடியட்டும்னு எங்க மேலிடத்துல சொல்றாங்க. யாரு வருவாங்கன்னு தெரியாம..."

"அப்ப இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

ஷஹீதா குனிந்து கால்களைத் துடைத்துக்கொண்டாள். அந்த நம்பிக்கைக்காக அன்பரசிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பலகைய எல்லாம் லோரில ஏத்துங்க. நாமளும் போலாம். இங்க என்ன வேல நமக்கு?"

சாம்பசிவம் ஓடிவந்து லோரியின் கதவைப் பிடித்தான். "மந்திரி வர்ற நேரம்! யாரு கைதட்டுறது?"

"சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு நீங்களே தட்டுங்க. கூட்டம் மாதிரி தெரியும்."

லோரி மேடேறியபோது கீழே ஒலிபெருக்கி அலறியது. "பெருந்திரளாகக் கூடியிருக்கும் தோட்டப் பெருமக்களே!" காலி நாற்காலிகளைப் பார்த்துச் சாம்பசிவம் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.