பாலம் காத்திருக்கட்டும்

எடிஸ்டோ ஆற்றுப் பாலத்தைக் கொளுத்திவிட்டுத்தான், அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தெற்கத்திச் சாம்பல் சட்டைக்காரர்கள் தோற்று ஓடினார்கள். ஜெயித்த வடக்கத்தி நீலச் சட்டைக்காரர்கள் தென் கரோலினாவை ராணுவ ஆட்சியில் வைத்துக்கொண்டு பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். கட்டியவர்கள் என்றால் நாங்கள்தான். அதுவரை அடிமைகளாக இருந்தவர்கள். எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் ஜில்பா.

அவள் தம்பி கஜோ. போர் முடிந்த கோடையில், விடுதலை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பருத்திக் காட்டை விட்டுக் கிளம்பினான். கங்காணி ஏசா ரட் அவனை மரத்தில் கட்டிச் சாகும்வரை சவுக்கால் அடித்தான். உடலை இந்த ஆற்றில் தள்ளிவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போனான்.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்றில் தூண் இறக்கத் தெரிந்த மேஸ்திரி என்று ஒருவனை ராணுவம் கூட்டி வந்தது. முகம் மறைத்த தாடி. பெயர் ஹாலிஸ் என்றான். வேறு தோட்டத்து ஆட்களான எங்களுக்கு அவனைத் தெரியாது. ஆனால் அவன் கோவேறு கழுதையை அதட்டிய குரல் கேட்டதும், கூழ் கிண்டிக்கொண்டிருந்த ஜில்பா அகப்பையைக் கீழே வைத்தாள். அவனும் அவளைப் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. அடிமைகளின் முகத்தை அவன் என்றைக்குப் பார்த்தான்?

பால வேலைக்குப் பொறுப்பான கேப்டன் விட்காமிடம் நேரே போய், அந்தத் தாடிக்காரன்தான் ரட் என்றாள்.

"விசாரிக்கிறேன் ஜில்பா. ஆனா தூண் வேலை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். மழைக்கு முன்னாடி பாலம் முடியட்டும்."

"முடிஞ்சதும் அவன் இங்க இருப்பானா கேப்டன்?"



மறுநாள் காலை அடுப்பு எரியவில்லை. அண்டா கவிழ்ந்து கிடந்தது.

"என்னக்கா, இன்னைக்குப் பட்டினியா?" என்று சிரித்தான் என்னோடு வேலை செய்த எனோக்.

"உங்க மேஸ்திரியக் கேளு. என் தம்பிய அடிச்சுக் கொன்ன கைடா அது."

எல்லாவற்றையும் சொன்னாள். சம்மட்டியை முதலில் கீழே போட்டது தான்தான் என்று எனோக் இன்றும் சொல்லித் திரிகிறான். பொய், நான்தான். மேஸ்திரியைச் சுற்றி வளைத்தோம். கேப்டன் ஓடிவந்தார்.

"இவளுக்குப் பைத்தியம்!" என்று கத்தினான் மேஸ்திரி. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துக் குரலை இறக்கினான். "ஜில்பா, கிறிஸ்துமஸுக்குப் போர்வை குடுத்தேனே, மறந்துட்டியா?"

கேப்டன் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஹாலிஸ் எந்தக் கிறிஸ்துமஸுக்கு இவளுக்குப் போர்வை கொடுத்தான்?

"போர்வை ஞாபகம் இருக்கில்ல? என் தம்பி பேரச் சொல்லு" என்றாள் ஜில்பா.

"அந்தப் பய..." அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

சிப்பாய்கள் அவனுக்கு விலங்கு மாட்டினார்கள். "பாலம் என்னாகிறது?" என்று முணுமுணுத்தார் கேப்டன்.

"காத்திருக்கட்டும். என் தம்பி ரெண்டு வருஷமா அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கான்."

ராணுவ நீதிமன்றம் பத்து வருஷக் கடுங்காவல் கொடுத்தது. தூக்குக் கயிறை எதிர்பார்த்திருந்த ஜில்பா, வாசற்படியில் காறித் துப்பிவிட்டு வந்தாள். தூண் வேலையை நாங்களே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம். பாலம் மழைக்குப் பிறகுதான் முடிந்தது.

அந்தக் குளிர்காலம், சிறையில் ரட் காய்ச்சலில் செத்தான் என்று சேதி வந்தது. ஜில்பா ஒரு பன்றியை முழுசாகச் சுட்டு ஊரையே கூப்பிட்டாள்.

"சாவுக்கு விருந்து வைக்கிறது பாவம்மா" என்றார் போதகர்.

"பாவத்த நாளைக்குப் பாத்துக்கலாம் அய்யா. இன்னைக்கு உக்காந்து சாப்பிடுங்க."

போதகர் உட்கார்ந்தார். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.