வலப்பக்கக் கைப்பிடி

எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். கேள், யோசி, செய், சோதி, திருத்து என்று வட்டமாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி மறுபடி முதல் கட்டத்துக்கே போகும். இப்போதெல்லாம் அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

கல்லூரிப் போட்டிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது குளியல் நாற்காலி. என் சித்தப்பாவுக்காக நான் சொன்ன யோசனை. பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குளித்து முடித்தால் தானாக எழ முடியாது. அப்பா உள்ளேயே நின்று தூக்கிவிட வேண்டும். தம்பியைத் தூக்க அப்பாவுக்குச் சங்கடமில்லை. சித்தப்பாதான் கூனிக் குறுகிப்போவார்.

எங்கள் குழுத் தலைவன் வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டான். "உங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?"

"கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாக் குளிக்கணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

போனை நோண்டிக்கொண்டிருந்த தலைவன் நிமிர்ந்து, "பாட்டு கேக்க ஒரு ஸ்பீக்கர் வெச்சிடலாமா?" என்றான்.

பட்டறையிலிருந்து நாற்காலி வந்தது. ஸ்பீக்கர் இருந்தது, நீல விளக்கு இருந்தது. பிடித்து எழுவதற்கான கைப்பிடி வலப்பக்கம் இருந்தது.

"அவருக்கு இடது கைதானேடா வேலை செய்யுது?" என்று தலைவனைக் கேட்டேன்.

"வலது பக்கம்தானே வீக்? அங்கதானே சப்போர்ட் வேணும்?"

"எந்தக் கையால பிடிப்பாரு?"

"போஸ்டர் பிரிண்ட் ஆயிடுச்சு. சும்மா நொட்டை சொல்லாத."

சோதனை என்ற பெயரில் அவனே அதில் உட்கார்ந்து, எழுந்து, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டான். தின்று கொழுத்த தடியன் எழுந்து நின்றதற்குப் பெயர் சோதனையாம். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "முதல்ல பரிசு வரட்டும்மா, அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். சுவரில் அந்தப் படத்தை ஒட்டியவரே அவர்தான்.

பரிசு வந்தது. மேடையில் சித்தப்பாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நீல விளக்கு எரிந்தது, பாட்டு பாடியது, கூட்டம் கைதட்டியது. நடுவர் மைக்கை நீட்டி, "எப்படி இருக்கு சார்?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் சித்தப்பா.

தலைவன் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்பாவும் நானும் அவரிடம் போனோம்.

"எழுந்திருக்க முடியலன்னு மைக்குல எப்படிம்மா சொல்றது? பசங்க மூஞ்சி வாடிடும்ல."

எனக்கு அந்தக் கைதட்டல், கோப்பை, டீ, சமோசா எல்லாவற்றின் மேலும் காறித் துப்பத் தோன்றியது. நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் ஸ்பீக்கரைப் பிடுங்கினேன். கைப்பிடியை இடப்பக்கம் மாற்றினேன். சித்தப்பா அதை ஊன்றி எழப் பார்த்தபோது நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது, அப்பா தாங்கிப்பிடித்தார். நாற்காலியின் அந்தப் பக்கத்துக் கால்களை அகட்டிவைத்தேன். பிறகு கைப்பிடி உயரம் என்றார். இறக்கினேன். ஈரத்தில் வழுக்குகிறது என்றார். பழைய சைக்கிள் ரப்பரைச் சுற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவரையே உட்காரவைத்து, அவரையே கேட்டேன். ஆரம்பத்திலிருந்து செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அப்பா பழக்கதோஷத்தில் பின்னாலேயே போய் வாசலில் நின்றுவிட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அப்போது தலைவன் போன் செய்தான்.

"ஏய், நாற்காலியை மாத்திட்டியாமே? சூப்பர். அடுத்த போட்டிக்கு அனுப்பலாம். அங்கிள் அதுல உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

"முடியாது."

"ஏன்?"

"கதவு சாத்தியிருக்கு" என்றேன்.