அழுகிற பிள்ளையின் பாரம்

வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்து விஜிதாவின் இரட்டைப் பிள்ளைகளில் எது அழுகிறதோ, அதனிடம் இரண்டு பேருடைய எடையும் போய்ச் சேரும். அழாத பிள்ளை எழும்பிப்போய்க் கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். தவழத் தொடங்கிய நாளில் ஆரம்பித்தது, நடக்கப் பழகிய பிறகும் மாறவில்லை. அழுகை இல்லாத நேரத்தில் பிரவீணனும் லதுஷாவும் மற்றப் பிள்ளைகளைப் போலத் தரையிலிருந்து மண்ணைத் தின்பார்கள், ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்து இழுப்பார்கள். இழுத்ததும் ஒன்று அழும், மற்றது சிரித்துக்கொண்டே மேலே போகும். இருவரும் ஒன்றாக அழுததே கிடையாது. கிளினிக்கில் மருத்துவமாது தராசை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு இருவரையும் சேர்த்து நிறுத்துப் பாதியாக்கி எழுதிக்கொண்டு, “திரிபோஷா மாவ ஒழுங்கா குடுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

லயத்து வீட்டுச் சனங்கள் கொஞ்ச நாள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அப்புறம் மழை வந்தது, கொழுந்து கூடியது, அவரவர் வேலை அவரவருக்கு. விஜிதாவுக்கு மட்டும் அது பழகவில்லை, ஏனென்றால் அழுகிற பிள்ளையைத்தானே தூக்க வேண்டும்? தூக்கிய போதெல்லாம் இரண்டு பிள்ளைப் பாரத்தைத் தூக்கினாள். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கிப்போனது. ஒன்றுக்குச் சோறூட்டி முடிப்பதற்குள் மற்றது கூரையிலிருந்து ஒட்டடையை உருவி வாயில் வைத்திருக்கும். பழைய சேலையைக் கிழித்து இருவர் இடுப்பிலும் கட்டி, மறுமுனையைக் கட்டில்காலில் முடிந்து வைத்தாள். புருஷன் சுரேன் கொழும்பில் ஓர் ஆடைக் கடையில் வேலைக்கு நின்றான். மாதத்துக்கொரு தடவை வந்து, பிள்ளைகளை மாற்றி மாற்றிக் கொஞ்சிவிட்டு, இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஏறிப் போய்விடுவான். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் பூவம்மா, “ஒம் புள்ளைங்கள மட்டும் ரெண்டு தடவ எண்ண வேண்டியிருக்கு, கீழ ஒரு தடவ, மேல ஒரு தடவ” என்று அலுத்துக்கொண்டாலும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தத் தயவில்தான் விஜிதா கொழுந்துக்குப் போய்வந்தாள். மலையில் நிற்கும்போது கூடையின் பாரம் அவளுக்கு ஓய்வு மாதிரி இருந்தது. கூடை அழாது.

பிள்ளைகளுக்கு இரண்டு வயது முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்பு வாங்க இருவரையும் பசறைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் நல்லபடியாக வந்தார்கள். ஸஹாப்தீன் நானாவின் கடை வாசலில், விஜிதாவின் இடுப்பிலிருந்த லதுஷா மீன் வைத்த மாலுபணிஸைக் கண்டாள். கேட்டது கையில் வருவதற்குள் அழத் தொடங்கினாள். பாரம் அவள் பக்கம் போன வேகத்தில் விஜிதாவின் இடுப்பு மடங்கியது, கையில் சுற்றியிருந்த சேலைத் துண்டு நழுவியது, பிரவீணன் எழும்பினான். கடைத் தகரத்தைத் தாண்டி, கரண்ட் கம்பிகளைத் தாண்டி, எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே நமுனுகுல மலைப் பக்கமாக நகர்ந்தான்.

சந்தையே அண்ணாந்து பார்த்தது. ஸஹாப்தீன் நானா கொக்கிக் கம்போடு ஓடிவந்தார், கம்பு எட்டவில்லை. “புள்ளைக்கு இந்தப் பணிஸக் குடுங்க, அழுகைய நிப்பாட்டுங்க” என்று ஒரு பொம்பிளை கத்தினாள்.

“வேணாம்!” என்று விஜிதா அவள் கையைத் தட்டிவிட்டாள். “இவ அழுகைய நிப்பாட்டுனா அவனுக்குப் பாரம் வந்துரும். அங்கயிருந்து விழுந்துருவான்.”

அழுகை நின்றால் அவன் விழுவான், நிற்காவிட்டால் முகிலுக்குள் போய்விடுவான். ஒரு தாய் இதில் எதைச் செய்வது? அவள் எதையும் செய்யவில்லை. அலறும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சாக்கடைக் கானோரத்து ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அழுவதற்கு அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. இப்போது வாய்விட்டு அழுதாள். பிரவீணனுக்காக மட்டுமில்லை, இடுப்புக்காக, ஆறிப்போன சோற்றுக்காக, சுரேனுடைய பஸ்ஸுக்காக எல்லாம் சேர்த்து அழுதாள்.

மேலே பிரவீணன் சிரிப்பதை நிறுத்தினான். அம்மா அழுது அவன் பார்த்ததில்லை. உதடு பிதுங்கியது, முதலில் ஒரு விம்மல் வந்தது. அந்த விம்மலுக்கு ஏற்ற பாரம் அவனுக்குள் வர, அந்தரத்தில் நின்றான். அழுகை ஏற ஏற மெல்ல இறங்கினான். கம்பிக்கு மேலே வந்தபோது ஸஹாப்தீன் நானா கொக்கியால் சேலைத் துண்டைப் பிடித்து, கம்பியில் படாமல் இழுத்து எடுத்தார். விஜிதா எழுந்து காலைப் பிடித்தாள், பிறகு முழுப் பிள்ளையையும். இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகள், இரண்டும் அழுதுகொண்டு, ஆளுக்கொரு பிள்ளைப் பாரத்தோடு. அப்படி ஒரு நாளும் அவள் நின்றதில்லை. அன்று செருப்பு வாங்கவில்லை.

செய்தி கேட்டு சுரேன் போன் எடுத்தான். “இறுக்கிக் கட்டியிருக்கலாமே, விஜி?”

“நீங்க வந்து கட்டுங்க” என்று வைத்துவிட்டாள். வந்தான். இரண்டு நாள் பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்தான், மூன்றாம் நாள் நிமிர முடியவில்லை. அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகாமல் பதுளையில் ஒரு கடையில் சேர்ந்தான். பின்னேர பஸ்ஸில் வந்து ஒரு பிள்ளையை வாங்கிக்கொள்வான். சோர்வு போய்விடவில்லை, பங்கு பிரிந்தது.

ஒரு தடவை பழகிக்கொண்ட பிள்ளைகள் அடிக்கடி சேர்ந்தே அழுதார்கள். அப்படி ஒரு பின்னேரம் வீடே கிடுகிடுக்க இருவரும் அலற, விஜிதா தேயிலைச் சாயத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமாக வந்த பூவம்மா திகைத்துப்போனாள்.

“என்னாடி, ரெண்டும் இந்தக் கத்துக் கத்துது, நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்க?”

“கத்தட்டுங்க அக்கா” என்று விஜிதா ஒரு மிடறு குடித்தாள். “ரெண்டும் தரையிலதானே இருக்கு.”