சும்மா இருக்கும் கை

“பொம்ம சூப்பரா கீது மேடம். ஆனா அந்த எடது கை இன்னாத்துக்கு ஆடிகினே கீது?”

கேசவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி மறுபடி ஓடவிட்டார். மாமல்லபுரத்துக் கடற்கரைச் சாலையில் அவர் திறக்கப்போகும் டீக்கடையில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. திரையில், களிமண்ணால் செய்த ஒரு லாரி டிரைவர் கடலோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வலது கையால் டீ கிளாஸை எடுத்தான், ஊதினான், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தான். அரை நிமிடப் படம். தனியாகத் தொழில் தொடங்கியதிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள், காதுகுத்துக்கு யானைக்குட்டி என்று பொம்மைப் படங்கள் செய்துகொண்டிருந்த துர்காவுக்கு, ஒரு கடையின் விளம்பரம் என்று வந்த முதல் வேலை இதுதான்.

“நேத்து சரக்கு ஓவரா பூட்ச்சி போல அண்ணாத்த. அதான் ஒதறுது” என்றார், பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்த டீ மாஸ்டர் சம்பத்.

“கேட்டியா மேடம்? பாக்கறவன் அதத்தான் சொல்லுவான். குடிகாரன் டீ குடிக்கற கடைன்னு பேராயிடும். அந்தக் கைய மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு.”

துர்காவும் சிரித்துவைத்தாள். செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் துண்டை மட்டும் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆமாம், ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. முழங்கால்மேல் கிடந்த இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல உரசிக்கொண்டே இருந்தன. எப்படித் தவறவிட்டாள்? பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னும் மயிரிழை நகர்த்தி ஒரு படம் என்று எடுக்கிற வேலையில் விரல் கொஞ்சம் தடுமாறினால் அது திரையில் நடுக்கமாகத் தெரியும். தன் விரல்தான் தடுமாறியிருக்கிறது என்று முடிவு செய்தாள். அவள் வேலை செய்யும் அறை அப்படி. சிமென்ட் ஷீட் கூரை. வெளிச்சம் மாறக் கூடாதென்று ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்தாள். பொம்மையின் சட்டை அசையும் என்பதால் ஃபேன் போட முடியாது. மதியத்தில் களிமண் இளகிப் பொம்மையின் முகம் தொங்கிப்போகும். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அதை மறுபடி நிமிர்த்துவாள். கூடப் படித்த வைஷாலி பெங்களூரில் ஏசி ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இதையே செய்கிறாள். அந்த ஆபீஸ் துர்காவையும் கூப்பிட்டது. கையால் செய்வதைத்தான் செய்வேன் என்று இவள் போகவில்லை. ‘உனக்குக் கை சரியில்லை’ என்று யாராவது ஒருநாள் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அன்றிலிருந்தே அவளுக்குள் இருந்தது. இன்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கன்னியம்மா கேட்டாள். “இன்னாடி சொன்னான் டீக்கடைக்காரன்?”

“ஒரு எடத்துல சரி பண்ணணுமாம்.”

“காலேஜு முடிச்சிட்டு பொம்ம வெச்சி ஆடிகினு கீற. உங்க நைனா குடுக்கற எடம்.”

நைனா குடுத்த இடம்தான். பெங்களூர் வேண்டாம் என்று அவள் சொன்ன நாளில் அம்மா கத்தித் தீர்த்தபோது, அப்பா செங்கல்வராயன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு வார்த்தைதான் சொன்னார். “வண்டி ஓடிகினுதானே கீது. கொஞ்ச நாள் செஞ்சி பாக்கட்டும் வுடு.” மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் போய், பொழுது சாய வருவார்.

அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். எங்கே தவறியது என்று பார்க்க, முதலில் எடுத்துவைத்திருந்த மாதிரி வீடியோவைத் திறந்தாள். பொம்மை அசைய வேண்டிய விதத்தை முதலில் ஒரு மனிதரை வைத்து எடுத்துக்கொண்டு, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் அவள் வழக்கம். டிரைவர் டீ குடிப்பதற்கு வீட்டிலேயே டிரைவர் இருக்கிறாரே என்று நைனாவைத்தான் நாற்காலியில் உட்காரவைத்தாள். “நடிக்கணுமா? எனக்கு வராதும்மா” என்று வெட்கப்பட்டார். “டீ குடி, போதும். அந்தத் துண்ட மட்டும் தா” என்று அவர் இடது கையில் எப்போதும் சுருட்டி வைத்திருக்கும் துண்டை அவள்தான் வாங்கி ஓரமாகப் போட்டாள்.

வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். கிளாஸ் எழுந்தது. வலது கையில் பிசகில்லை. இடது கை முழங்கால்மேல். கட்டைவிரல் உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. போன் ஆடியிருக்குமோ என்று அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். அது அசையவில்லை. நாற்காலி அசையவில்லை. நைனாவின் கை மட்டும், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுபோலத் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. தன் விரல் தவறவில்லை, உள்ளதை உள்ளபடியே செய்திருக்கிறது என்ற நிம்மதி. அது வந்து போன வேகத்திலேயே, தான் எதற்கு நிம்மதிப்பட்டோம் என்பது புரிந்து உடம்பு கூசியது. பொத்தேரி கல்லூரியில் படித்தபோது அவளே கண்டுபிடித்துவைத்திருந்த ரகசியம் ஒன்று உண்டு: வேலை செய்கிற கையைச் செய்வது சுலபம், பொம்மைக்கு உயிர் இருப்பது சும்மா இருக்கும் கையில்தான். அதனால் அந்த இடது கையை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்தாள். நாள்கணக்கில் அந்த நடுக்கத்தை ஒவ்வோர் இழையாகத் தன் விரலால் நகர்த்தி நகர்த்தி உண்டாக்கியவள் அவள்தான். விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. பொம்மையைப் பார்த்தாளே தவிர நைனாவைப் பார்க்கவில்லை.

போனில் தேடினாள். நரம்பு நோய் என்று இரண்டு வரி படித்ததும் மூடிவிட்டாள். எல்லாம் ஒவ்வொன்றாக இடம் பிடித்து உட்கார்ந்தன. வெயில் இல்லாத நேரத்திலும் கையில் துண்டு. டிவி பார்க்கும்போது தொடைக்கு அடியில் கை. நடக்கும்போது வலது கை வீசும், இடது கை வீசாது. அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு விடியலிலும் போய் அந்த வண்டியை ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் ஏற்றுகிறார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆட்கள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

சொன்னால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் இந்த அறையும், கறுப்புத் துணியும், களிமண்ணும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சரிவது அவளுக்குப் படம்படமாகத் தெரிந்தது. கேசவனின் வேலை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொம்மையின் இடது உள்ளங்கையில் ஒரு குண்டூசியைச் செருகி முழங்காலோடு சேர்த்துக் குத்தினாள். ஊசித் தலையைக் களிமண்ணால் மூடினாள். மறுபடி எல்லாவற்றையும் எடுத்தாள். இந்தமுறை கை ஆடவில்லை.

கேசவன் மகிழ்ந்துபோனார். கடை திறந்த அன்று பெரிய டிவியில் படம் ஓடியது. வந்தவர்களில் ஒருவர் தன் ஓட்டலுக்கும் ஒன்று வேண்டும் என்றார். சரி, அதுவும் முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

படத்தை நைனாவிடமும் காட்டினாள். காட்டாமல் இருக்க முடியாது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அட, என்ன மாதிரியே ஊதறான் பாரு” என்று சிரித்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை.

“எடது கை மட்டும் கல்லு மாதிரி கீதே.”

“சூட்டுல மண்ணு எளகிடுது நைனா. அதான் ஊசி வெச்சிக் குத்திட்டேன்.”

“குத்திட்டியா.” போனைத் திருப்பிக் கொடுத்தார். துண்டை எடுத்து இடது கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். “நல்லாத்தான் கீது. ஆடினா யாரு வாங்குவான்.”

அவள் வாயைத் திறந்தாள். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் பஸ் ஒரு பெட்ரோல் பங்க்கின் மதிலை உரசிக்கொண்டு வந்தது. யாருக்கும் அடியில்லை, பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். “பைக்குல ஒருத்தன் குறுக்க வந்துட்டான்” என்றார் நைனா. ஓர் ஆளும் அடிபடாமல் தப்பித்ததே அம்மாவுக்குச் சாமி புண்ணியம். “எல்லாம் கண்ணேறு. பொண்ணு படம் டீவில வருதுன்னு ஊரே பாக்குது இல்ல?” என்று சொல்லி, பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிப் பஸ்ஸை மூன்று சுற்றுச் சுற்றி உடைத்தாள். நைனா தலை குனிந்து நின்று திருநீறு வாங்கிக்கொண்டார். சிதறிய காயின் குங்குமச் சிவப்பைப் பார்த்தபடி துர்காவும் நின்றாள். அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பொய்யின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

“நாளைக்கி வண்டி எடுக்கறப்போ முன் சக்கரத்துக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் வெக்கணும். நீ போய் வெச்சிட்டு வா” என்றாள் அம்மா. “எனக்கு முட்டி வலி, காத்தால எழுந்து நடக்க முடியல.”

விடியலில் பழங்களை எடுத்துக்கொண்டு தெருமுனை மைதானத்துக்குப் போனாள். ஆட்கள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தார்கள். டிபன் பைகள், தூக்கம் கலையாத முகங்கள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகள். அவளைவிடச் சின்னவளாகத் தெரிந்த ஒருத்தி ஜன்னலில் தலையைச் சாய்த்து அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

துர்கா குனிந்து ஒரு சக்கரத்தின் முன்னால் ஒரு பழத்தை வைத்தாள். இன்னொரு சக்கரத்துக்குப் போக வண்டியின் முன்னால் சுற்ற வேண்டும். சுற்றும்போது ஹெட்லைட் அவள்மேல் விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நைனாவின் முகம் தெரியவில்லை. அவள் அந்தச் சக்கரத்தருகே நிற்காமல் திரும்பி வந்து படியில் கால் வைத்து ஏறினாள்.

“வெச்சிட்டியா?” என்றார்.

“ஒண்ணு வெச்சேன்.”

“இன்னொண்ணு?”

அது அவள் கையில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நைனாவின் இடது கை கியர்மேல் இருந்தது, துண்டில்லாமல். வண்டி நிற்கும்போது கியர்க் கம்பி எப்போதும் அதிரும்; அந்த அதிர்வில் கை ஆடியது. கையால் கியர் ஆடுகிறதா, கியரால் கை ஆடுகிறதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ படங்களைப் பிரித்துப் பார்த்த கண்தான்.

“நைனா, வண்டிய ஆஃப் பண்ணேன்” என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தார்.

“இன்னாம்மா, ஏர்றதுன்னா ஏறு, எறங்கறதுன்னா எறங்கு. ஷிப்ட்டுக்கு டைமாவுது இல்ல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். துர்கா படியிலேயே நின்றாள். அவள் விரல்களுக்குள் எலுமிச்சம்பழம் வியர்த்திருந்தது. நைனாவின் கை கியரை இன்னும் அழுத்திப் பிடித்தது. வண்டி முழுவதும், ஜன்னலில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணின் தலை உட்பட, லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.