மேசைக்கு அடியில் கடல்

என் கணவர் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலு வருஷம்தான் ஒரே வீட்டில் இருந்திருப்போம். இந்த முறை வந்ததும், "இனி போகலை, இங்கேயே ஏதாவது வேலை பாத்துக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வந்த நாளிலிருந்து மனுஷருக்குத் தூக்கமில்லை. படுப்பார், புரளுவார், எழுந்து போய் ஜன்னலோரம் நிற்பார். மருத்துவர் கொடுத்த மாத்திரைகூட அவரிடம் செல்லுபடியாகவில்லை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இடம் காலியாகத்தான் இருக்கிறது, மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று போன் மேல் போன். இவரும் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தார்.

"தூக்கம் வந்துட்டா இருப்பேன். வரலைன்னா போறதைத் தவிர வேற வழி தெரியல, மேஸ்திரி."

மேஸ்திரி என்பது நான்தான். கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடுவது என் வேலை. எந்த வீட்டில் தண்ணீர் எப்படி ஏற வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று பதினோரு வருஷமாகக் கோடு இழுக்கிறேன். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்?

சத்தம்தான் இவரைத் தூங்க விடவில்லை என்று நானே முடிவு கட்டினேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். கரகரவென்று சுற்றிய மின்விசிறியை மாற்றினேன். மிச்சம் இருந்தது வரவேற்பறை மீன்தொட்டி.

இரண்டடி நீள உப்புத்தண்ணீர்த் தொட்டி அது. இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், நாலைந்து பாறை. கடலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் இந்த மனுஷருக்கு அங்கே என்ன வேலை என்ற அசட்டு ஆசையில் போன வருஷம் வாங்கினேன். பகலில் திரையை இழுத்துவிட்டால் அறை முழுக்க நீலமாகிவிடும். சுவரில் வெளிச்சம் நெளியும். நாற்காலி, செருப்பு, என் கை எல்லாமே தண்ணீருக்குள் கிடப்பது போலிருக்கும். எல்லாம் சரி, தொட்டியின் முதுகில் தொங்கிய வடிகட்டிப் பெட்டி இருக்கிறதே, அது ஓயாமல் களகளவென்று உளறிக்கொண்டே இருக்கும். மத்தியான நேரத்தில் இவர் அதன் பக்கத்து நாற்காலியில் எப்போதாவது ஐந்து நிமிஷம் கண்ணயர்வார். அந்தச் சத்தத்தையும் மீறி அசந்துவிடுகிறாரே, பாவம், என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேசைக்கு அடியில் ஒரு சம்ப் வைப்பது என்று கிளம்பினேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி, அவ்வளவுதான். மேலே வழியும் தண்ணீர் குழாயில் இறங்கும். முதல் அறையில் துணிப்பை குப்பையைப் பிடிக்கும். நடு அறையில் பாறையும் பாசியும் மிச்ச அழுக்கைத் தின்னும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார், தெளிந்த தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்.

அலுவலகத்தில் மத்தியான இடைவேளைகளில் உட்கார்ந்து வரைந்தேன். வரைய வரைய ஒரு கிறக்கம் வந்தது. என் கோடுகளுக்குள் தண்ணீர் மெல்ல நகர்ந்தது. தடுப்பைத் தாண்டி வழிந்தது. பக்கத்து மேசைக்காரர்களின் பேச்சு எங்கேயோ மேலே, தூரத்தில் கேட்டது. அந்தத் தாளின் அடியில், பாசிக்கு நடுவே, என் வீட்டுக்காரர் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதைக்கூடப் பார்த்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். இடைவேளை முடிந்து அரை மணி நேரமாகியிருந்தது.

வீட்டில் அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆராய்ந்தார்.

"கரண்ட் போனா? மேல இருக்கற தண்ணி திரும்பி இறங்குமே. கீழ இடம் விட்டிருக்கியா?"

"அதெல்லாம் விட்டாச்சுங்க. ரெண்டு சென்டிமீட்டர் இறங்கினா நாலு லிட்டர் வரும். நான் எட்டு லிட்டருக்கு இடம் விட்டிருக்கேன். ஏத்தற குழாயில தண்ணி மட்டத்தை ஒட்டி ஒரு பொடி ஓட்டை. மட்டம் இறங்கினதும் காத்து புகுந்து இழுப்பு நின்னுடும்."

"பரவாயில்லையே, உன்னை நம்பி இன்ஜின் ரூமையே குடுக்கலாம்!"

"முதல்ல வீட்டுல இருங்க, அப்புறம் குடுக்கலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கடல்மீன் கடைக்காரர் ஒரு பெரியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணே, துளி சத்தம் வரக் கூடாது" என்றேன்.

"இறங்கற குழாயில காத்து கலந்தாத்தாம்மா சத்தம். ஒரு வால்வு போட்டு மயிரிழை மயிரிழையா மூடிக்கிட்டே வா. குழாய் நிறைய தண்ணி மட்டும் இறங்கும், சத்தம் செத்துடும். அடைச்சுக்கிட்டா வழியாம இருக்க, துணைக்கு இன்னொரு குழாய் வை."

செவ்வாய்க்கிழமை எல்லாம் பொருத்தினேன். முழங்காலில் நின்று வால்வைத் திருப்பித் திருப்பி, கடைசியில் சத்தம் செத்தே போனது. தண்ணீர் ஓடுகிறதா என்று கைவிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கு என்னையே பாராட்டிக்கொள்ளத் தோன்றியது.

புதன், வியாழன் இரண்டு நாளும் இவர் கண்ணை மூடவேயில்லை. நாற்காலியில் வந்த ஐந்து நிமிஷமும் போயிற்று. கெடு நாளான வெள்ளிக்கிழமை, மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்து பார்த்தால் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

"மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேனே, யாருக்காக? ஊசி விழுந்தாக்கூடக் கேக்கற மாதிரி வீட்டை மாத்தி வச்சிருக்கேன். இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் வந்து தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். நீல வெளிச்சத்தில் முகம் வெளிறித் தெரிந்தது.

"உன் வேலையில குறையே இல்ல. கோளாறு எங்கிட்டதான். கப்பல்ல ஒருத்தர் வாட்ச்ல, அதான் காவல் முறையில, முழிச்சிருப்பார். மத்தவங்க இன்ஜின் சத்தத்துல கட்டை மாதிரி தூங்குவோம். அது நின்னா, அடுத்த நொடியே அத்தனை பேரும் எழுந்து உக்காந்துடுவோம். என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். இந்த வீட்டுல படுத்தா அப்படித்தான் இருக்கு. எப்பவுமே என்னமோ நின்னு போன மாதிரி."

பொட்டில் அறைந்தது போலிருந்தது. எண்ணெய் விட்டவள் நான். கடிகாரத்தை நிறுத்தியவள் நான். இருபது வருஷம் இன்ஜின் பக்கத்தில் படுத்தவரை, இருந்த சத்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நானே உட்கார வைத்து முழிக்க விட்டிருக்கிறேன். அட முட்டாளே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மேசையடியில் முழங்காலிட்டேன். அத்தனை பாடுபட்டுத் திருப்பி வைத்த வால்வை அரைச் சுற்றுத் திறந்துவிட்டேன். குழாய் ஒரு முறை விக்கியது. காற்றை இழுத்து, குபுகுபுவென்று சம்ப்புக்குள் கொட்டியது. மேசைப் பலகை மெல்ல அதிர்ந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கப் பரவியது. நீல வெளிச்சமும் அதோடு சேர்ந்து ஆடியது.

"என்ன பண்றே நீ?" என்று கேட்டுக்கொண்டே அவர் தரையில் உட்கார்ந்தார். பிறகு பலகையில் முதுகைச் சாய்த்தார். பிறகு மெல்லச் சரிந்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்தார். பெட்டியில் வைக்க மடித்த சட்டை ஒன்று இன்னும் கையிலேயே இருந்தது. குறட்டை வந்தது. பதினாறு வருஷத்தில் நான் திட்டாத குறட்டை அது ஒன்றுதான்.

மூன்று மணி நேரம் அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோமாளி மீன்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அப்போது அவர் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"மேடம், சார்கிட்ட குடுக்கறீங்களா? அஞ்சு மணிக்குள்ள பேரை ஏத்தணும்" என்றாள் கம்பெனிப் பெண்.

"அவர் தூங்கறார்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கொஞ்சம் எழுப்புங்களேன். இன்னைக்கு விட்டா இடம் போயிடும்."

போகட்டும் என்று கத்தத்தான் நினைத்தேன். ஆனால் அவர் வேலை, அவர் கடல். நான் யார் சொல்வதற்கு? போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். எழுப்பவும் மனசில்லை, வைக்கவும் துணிவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமலேயே முனகினார்.

"வாட்ச்ல யாரு?"

"நான்தாங்க."

"போன்ல?"

"கம்பெனி."

தண்ணீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் புரண்டு படுத்தார்.